தெற்கெல்லை

மணவாளக்குறிச்சி, பழைய சர்வே 217.
கொல்லம் ஆண்டு 1088-ல் எழுதின பத்திரம்.
கிழக்கே மிக்கேலம்மை வகை தென்னை,
மேற்கே இடவழி,
வடக்கே சர்க்கார் பாதை,
தெற்கே கடல்.
தென்னை, இடவழி, பாதை, மூன்றும்
இப்போது தெற்கெல்லைக்குள் இருக்கின்றன.
சங்கிலியை எங்கே பிடிக்க என்று
குமரேசதாஸ் என் முகத்தைப் பார்க்கிறான்.

இந்த மணல் இங்கே பிறந்ததல்ல.
வேளிமலைப் பாறை மழைக்குப் பொடிந்து
வள்ளியாற்றோடு இறங்கி
கடியபட்டணத்துப் பொழியில் கடலுக்குள் போனது.
கடல் அதைச் சுளகில் இட்டுப் புடைத்தது.
நொய்யை வைத்துக்கொண்டு
கனத்ததை எல்லாம் கரையில் தட்டியது:
கருப்பு, மாதுளைச் சிவப்பு,
நடுவே தேன்நிறத்தில் ஒரு பொடி.

கயிறு ஏற்றின கப்பலில்
நாரோடு ஒட்டிக்கொண்டு போனது அந்தப் பொடி.
எடை கூட யாரோ கலந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு.
அக்கரையில் எவனோ ஒருவன்
கயிறை விட்டுவிட்டு மணலைப் பார்த்தான்.
பிறகு ஏதோ தெருவில்,
எனக்குப் பெயர் சொல்லவராத தெருவில்,
காஸ் விளக்கின் வலைக்குள்
இந்தக் கரை வெள்ளையாய் எரிந்தது.
இங்கே அப்போது
புன்னைக்காய் எண்ணெயும் புகையும்.

மின்சாரம் வந்து காஸ் விளக்கு அணைந்தது.
மணலுக்கு வேறு வேலை கிடைத்தது:
பெயின்ட், வெல்டிங் கம்பி, உப்புத்தாள்,
அப்புறம் காவல் போட்ட கிட்டங்கியில்
பூட்டி வைக்கிற ஒன்று.
மகாராஜா போனார், மாநிலம் மாறியது,
பலகையில் எழுத்து மாறியது.
லாரி மட்டும்
அதே வளைவில் அதே கியருக்கு இறங்குகிறது.

கரை ஏன் போனது?
அள்ளினதால் என்று ஒரு அறிக்கை,
மேற்கே தூண்டில் வளைவு போட்டதால் என்று ஒன்று,
இயற்கை என்று மூன்றாவது.
மூன்றிலும் முத்திரை தெளிவாக இருக்கிறது.

பிலவேந்திரன் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரிக்கிறார்.
உள்ளே வரி ரசீதுகள், வருஷவாரியாக.
"நெலம் இல்லேண்ணு சொல்லுதியளே சாரே,
பின்ன போன மார்ச்சுல
எதுக்குப் பைசா வாங்கினிய?"
ரசீதுகளுக்கு அடியில்
திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று,
செறுபுஷ்பம், 46.
அவர் அதைத் திரும்ப உள்ளே வைத்தார்.
மணலாலா என்று நான் கேட்கவில்லை.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு.
இதில் எது இது?
ஆனியில் அலை கருமணலைக் கொண்டுவந்து
ஆள் உயரத்துக்குக் குவிக்குமாம்.
"அப்போ வந்து அளங்க.
ஆனா லாரி ஒங்களுக்கு முன்ன வந்திரும்."

குறைந்தது ஒரு கூட்டுக்கல்லாவது வேண்டும், என்றேன்.
கல் இல்லாமல் கோடு இல்லை.
அவர் சட்டையைக் கழற்றி
ரசீதுப் பையின் மேல் வைத்து,
பையின் மேல் ஒரு செருப்பையும் வைத்துவிட்டு
நடந்தே போனார், இடுப்பு, நெஞ்சு, கழுத்து.
முங்கினார்.
குமரேசதாஸ் வாய்விட்டு எண்ணத் தொடங்கி
நாற்பதில் நிறுத்திக்கொண்டான்.

தண்ணீருக்கு மேலே
ஒரு கை வந்தது, முழங்கை வரை.
ஆள் வரவில்லை. கை மட்டும்.
கீழே அந்தக் கல்லின் மேல்
அவர் நிற்கிறார் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.
தியோடலைட்டைத் திருப்பி
குறுக்குக் கம்பியை விரல்நுனிக்குக் கொண்டுவந்தேன்.
பாகை 163, கலை 20.
விகலை வாசிப்பதற்குள்
ஒரு அலை வந்து
கண்ணாடி முழுக்கத் தண்ணீராய்த் தெரிந்தது.

விகலைக்குச் சுழி போட்டேன்.
சிப்பி கிழித்த பாதத்தோடு ஏறி வந்தவர்
முதலில் செருப்பைத் தேடினார்,
பிறகு என் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.
"எழுதியாச்சா?"